உடலைக் காக்கும் சிறு புரதங்கள்

உழவர் பெருமக்கள் நாள்தோறும் புழங்கும் மண், சாணம், தீவனம், தண்ணீர் ஆகிய எல்லாவற்றிலும் நுண்ணுயிர்கள் நிறைந்துள்ளன. ஒரு பிடி வயல் மண்ணில் மட்டும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. களை எடுக்கும்போது விரலில் சிறு கீறல் விழுகிறது. கன்று ஈரத் தரையில் பிறந்து விழுகிறது. விதைத்த நிலக்கடலைப் பருப்பு பூசண வித்துக்களுக்கு நடுவே முளைக்கிறது. இவ்வளவு கிருமிகள் சூழ்ந்திருந்தும் பெரும்பாலான நாட்களில் நோய் வருவதில்லை. இதற்குக் காரணம் என்ன என்பதை உழவர்கள் அறிந்து கொள்வது பயனுள்ளதாகும்.

நோய் எதிர்ப்பு என்றதும் தடுப்பூசியும், அதனால் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்களுமே நினைவுக்கு வரும். ஆனால் புதிதாக நுழைந்த ஒரு கிருமியை உடல் இனங்கண்டு, அதற்கென்று எதிர்ப்புப் பொருளை உண்டாக்கப் பல நாட்கள் ஆகும். பாக்டீரியாவோ சாதகமான சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகக் கூடியது. இந்த இடைப்பட்ட காலத்தில் உடலைக் காப்பவற்றுள் முக்கியமானவை நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகள். எளிமைக்காக இவற்றைக் 'காவல் புரதங்கள்' என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

பால், முட்டை, பருப்பு ஆகியவற்றில் உள்ள புரதம், அமினோ அமிலங்கள் என்னும் மணிகளை நூற்றுக்கணக்கில் கோத்த மாலை போன்றது. காவல் புரதம் அதே மணிகளில் பெரும்பாலும் 12 முதல் 50 வரை மட்டும் கோத்த சிறு சரம். பாக்டீரியா, பூசணம், செடி, பூச்சி, தவளை, மாடு, மனிதன் ஆகிய எல்லா உயிர்களும் இவற்றை உண்டாக்குகின்றன. இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட காவல் புரதங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

ஜாடியும் மேற்பூச்சும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையில் சுட்ட மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் தண்ணீர் கசிகிறது. ஊறுகாய் ஜாடிக்குக் கண்ணாடி போன்ற மேற்பூச்சுக் கொடுத்துச் சுடுகிறார்கள். அதில் கசிவு இல்லை. ஆனால் மேற்பூச்சில் கீறல் விழுந்து விட்டால் அவ்விடத்தில் எண்ணெய் இறங்கிக் கறை படியும். அக்கீறலை ஜாடி தானாகச் சரி செய்து கொள்ள முடியாது.

நமது தோலும், வாய், மூக்கு, குடல் ஆகியவற்றின் உட்சவ்வும் இத்தகைய மேற்பூச்சே ஆகும். ஆனால் இது உயிருள்ள மேற்பூச்சு. கீறல் விழுந்த இடத்தில் உள்ள உயிரணுக்கள் உடனே காவல் புரதங்களை மிகுதியாகச் சுரக்கின்றன. அங்கு வந்து சேரும் இரத்த வெள்ளணுக்களும் இவற்றைத் தம்முள் சேமித்து வைத்திருக்கின்றன.

இவை கிருமியைக் கொல்லும் விதம் எளிமையானது. பாக்டீரியாவின் மேற்சவ்வு எதிர் மின்னூட்டம் உடையது. காவல் புரதங்களில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் உடையவை. காந்தம் இரும்பை இழுப்பது போல இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஒட்டிய புரதம் சவ்வுக்குள் புகுந்து துளையிடுகிறது. துளை வழியே உள்ளிருப்பவை வெளியேறி, சில நிமிடங்களிலேயே பாக்டீரியா மடிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு வெளிப்புறத்தில் இத்தகைய மின்னூட்டம் மிகக் குறைவு. மேலும் அவற்றின் சவ்வைக் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு வலுப்படுத்துகிறது. ஆகவே அவை பெரும்பாலும் தப்பி விடுகின்றன.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆண்டிபயாடிக் மருந்துகள் பல, பூட்டுக்கு ஏற்ற சாவி போலக் கிருமியின் ஏதேனும் ஓர் உறுப்பைக் குறி வைத்து வேலை செய்கின்றன. கிருமி தன் பூட்டை மாற்றிக் கொண்டால் மருந்து பயனற்றுப் போகிறது. பூட்டை மாற்றுவதை விடச் சுவர் முழுவதையும் மாற்றிக் கட்டுவது கடினம். காவல் புரதங்கள் சுவரையே தாக்குவதால், அவற்றுக்கு எதிராகக் கிருமிகள் எளிதில் பழகுவதில்லை. இக்காரணத்தால்தான் மருத்துவ உலகம் இவற்றின் மீது கவனம் செலுத்தி வருகிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

1939-ஆம் ஆண்டில் ரெனே டூபோ என்னும் அறிவியலறிஞர் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிராமிசிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அது வேறு பல பாக்டீரியாக்களைக் கொன்றது. ஆனால் இரத்தத்தில் செலுத்தினால் சிவப்பணுக்களையும் சிதைத்தது. எனவே வெளிப்பூச்சு மருந்தாக மட்டுமே அது பயன்பட்டது.

பூச்சிகளுக்கு நம்மைப் போல இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாவதில்லை. அப்படியானால் அவை எவ்வாறு நோயிலிருந்து தப்புகின்றன? இக்கேள்விக்கு விடை தேடிய சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஹான்ஸ் போமன் குழுவினர், செக்ரோபியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தனர். அது தன் உடலில் சிறு புரதங்களை உண்டாக்கிப் பாக்டீரியாவைக் கொன்றது. 1981-ல் இப்புரதங்களின் அமைப்பு வெளியிடப்பட்டு 'செக்ரோபின்' எனப் பெயர் பெற்றது. நாம் வளர்க்கும் பட்டுப்புழுவிலும் செக்ரோபின்கள் உள்ளன. 1985-ல் மனிதனின் வெள்ளணுக்களில் 'டிஃபென்சின்' என்னும் வகை கண்டறியப்பட்டது. 1987-ல் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், அறுவை செய்து அழுக்கு நீரில் விடப்பட்ட ஆப்பிரிக்கத் தவளைகளின் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். அவற்றின் தோலிலிருந்து 'மகெய்னின்' என்ற காவல் புரதத்தைப் பிரித்தார்.

நமக்கு அண்மையிலும் இத்தகைய கண்டுபிடிப்பு ஒன்று நிகழ்ந்துள்ளது. கேரளத்தில் வாழும் ஒரு தவளை இனத்தின் தோல் சுரப்பைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன. அதிலிருந்த ஒரு சிறு புரதம் எச்1 வகை இன்ஃபுளுயன்சா வைரசை அழித்தது. நோய் தொற்றிய சுண்டெலிகளையும் காத்தது. கேரளப் போர்க்கலையில் சுழற்றப்படும் 'உருமி' என்னும் சுருள்வாளின் பெயரால் அதற்கு 'உருமின்' என்று பெயரிட்டனர். இம்முடிவுகள் 2017-ல் வெளியாயின. இது இன்னும் மருந்தாக வரவில்லை.

மாட்டுத் தொழுவத்தில்

பாலூட்டிகளின் உட்சவ்வு காவல் புரதம் சுரப்பதை முதலில் காட்டியதே பசுதான். 1991-ல் பசுவின் மூச்சுக்குழலிலும், பின்னர் 1995-ல் அதன் நாக்கிலும் டிஃபென்சின் வகைப் புரதங்கள் கண்டறியப்பட்டன. நாக்கில் காயம்பட்ட இடத்தைச் சுற்றி இது கூடுதலாகச் சுரப்பதும் தெரிய வந்தது.

உழவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது சீம்பால். தாய்ப்பசுவின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள், வயிற்றிலிருக்கும் கன்றுக்கு நஞ்சுக்கொடி வழியாகச் செல்வதில்லை. அவை சீம்பாலின் வழியாக மட்டுமே கிடைக்கின்றன. சீம்பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதமும் மிகுதியாக உள்ளது. வயிற்றில் செரிமான நீர் பட்டதும் லாக்டோஃபெரினிலிருந்து ஒரு துண்டு பிரிகிறது. அத்துண்டே ஒரு வலிமையான காவல் புரதமாகச் செயல்படுகிறது. ஆக, எதிர்ப்புப் பொருள், காவல் புரதம் ஆகிய இரண்டையும் கன்று ஒரே பாலில் பெறுகிறது.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைப் பால் குடிக்க விட வேண்டும் என்ற பழக்கம் சில இடங்களில் இன்றும் உள்ளது. இது தவறு. எதிர்ப்புப் பொருள்களை அப்படியே உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் மிகுதி. நேரம் செல்லச் செல்ல அது குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மறைந்து விடும். கொடி விழக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கன்றுக்கு இழப்பாகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். மீதமிருப்பதையே வீட்டுக்கு எடுத்துக் கொள்ளலாம்.

இது மனிதருக்கும் பொருந்தும். பிரசவித்த தாயின் முதற்பால் மஞ்சளாக இருப்பதால் அதைப் பீய்ச்சி வெளியேற்றி விட்டு, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவர்கள் உண்டு. அந்தப் பாலில்தான் லாக்டோஃபெரினும் பிற காவல் பொருள்களும் செறிந்துள்ளன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதையே கொடுக்க வேண்டும்.

மடிநோயிலும் இப்பாடம் உதவும். காம்பின் துவாரத்தில் இயற்கையாக அமைந்த மெழுகு போன்ற அடைப்பு, கிருமிகளைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. அதிலும் நேர் மின்னூட்டமுள்ள காவல் புரதங்கள் உள்ளன. பால் வரவில்லை என்று காம்பில் குச்சியோ ஊசியோ நுழைத்தால் இந்தக் காப்பு அழிந்து, கிருமிக்கு வழி திறந்து விடும். கறந்து முடித்த பின் துவாரம் மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்கப் பசுந்தீவனம் போட்டு நிற்க வைக்க வேண்டும்.

நிலக்கடலையிலும் விதை நேர்த்தியிலும்

கடலூர் மாவட்டத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை, விருத்தாசலம் வட்டாரத்தின் முக்கியப் பயிர். வி.ஆர்.ஐ. என்ற பெயர் தாங்கிய நிலக்கடலை இரகங்கள் இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளே. நிலக்கடலைப் பருப்பிலும் டிஃபென்சின் வகைக் காவல் புரதங்கள் இருப்பதை 2015-ல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவை சில பூசணங்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அப்புரதங்களே கேடு செய்வதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே இயற்கையானது என்பதற்காக எதையும் தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது.

நிலக்கடலைக்கு நேரும் பெருங்கேடு, ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு. இது கல்லீரலைப் பாதித்துப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. ஐதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், குதிரை மசாலிலும் அதன் உறவுச் செடியிலும் உள்ள டிஃபென்சின் மரபணுக்களை நிலக்கடலையில் புகுத்தினர். வேறொரு முறையில், நஞ்சை உண்டாக்கும் பூசணத்தின் மரபணுவையே செடி அடக்கி விடுமாறு செய்தனர். இரண்டு முறைகளிலும் நஞ்சு மிகக் குறைந்தது. நாம் மாட்டுக்குப் போடும் தீவனப் பயிரிலிருந்து இப்படி ஒரு காவல் கிடைத்துள்ளது. ஆனால் இத்தகைய நிலக்கடலை இரகம் எதுவும் நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. எனவே பருப்பின் மேற்பூச்சாகிய ஓட்டையும் தோலையும் பழுதின்றிக் காப்பதே இன்று நம் கையிலுள்ள வழி. அறுவடையின்போது மண்வெட்டி பட்டு உடைந்த காய்களைத் தனியே பிரிக்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு ஒலிக்கும் வரை, ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்கு வரும் வரை உலர்த்த வேண்டும். ஓடு எளிதில் உடைய வேண்டுமென்று காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பூசணத்துக்கு அதை விட நல்ல விருந்து இல்லை.

உழவர்கள் தம்மை அறியாமலே காவல் புரதங்களைப் பயன்படுத்தியும் வருகின்றனர். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, வேரழுகல் பூசணத்தைப் பல வழிகளில் அடக்குகிறது. அவற்றுள் ஒன்று, அது சுரக்கும் 'பெப்டைபால்' வகைச் சிறு புரதங்கள் எதிரிப் பூசணத்தின் சவ்வில் துளையிடுவது. பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவும் கொழுப்பு இணைந்த சிறு பெப்டைடுகளைச் சுரந்தே பூசணத்தை எதிர்க்கிறது. இவை உயிருள்ளவை என்பதால் இரசாயனப் பூசணக் கொல்லியுடன் சேர்த்துக் கலக்கக் கூடாது.

மருந்தாகுமா?

பாலைப் புளிக்க வைக்கும் ஒரு பாக்டீரியா சுரக்கும் 'நைசின்' என்ற பெப்டைடு, பாலாடைக்கட்டி போன்ற உணவுகளைக் கெடாமல் காக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது. பன்னாட்டு உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு 1969-லேயே இதை ஏற்றது. மண் பாக்டீரியாவிலிருந்து பெற்ற டாப்டோமைசின் 2003-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

ஆனால் எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. மகெய்னினைத் திருத்திச் செய்த பெக்சிகனான் என்ற பூச்சு மருந்து, நீரிழிவு நோயாளிகளின் கால் புண்ணுக்காகச் சோதிக்கப்பட்டது. போதிய பயன் நிரூபிக்கப்படாததால் 1999-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி மறுத்தது. தடைகள் மூன்று. முதலாவது, வாய் வழியே உட்கொண்டால் மற்றப் புரதங்களைப் போலவே இவையும் வயிற்றில் செரித்து விடும். இரண்டாவது, தயாரிக்கும் செலவு அதிகம். மூன்றாவது, அளவு மீறினால் நம் உயிரணுக்களையும் தாக்கும். தேனீயின் கொடுக்கிலுள்ள மெலிட்டின் ஒரு காவல் புரதமே. அது நம் உயிரணுக்களையும் விட்டு வைப்பதில்லை.

உடல் தானே காவல் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும்படி தூண்ட முடியுமா என்றும் ஆய்வுகள் நடக்கின்றன. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஒரு காவல் புரதத்தை நம் உயிரணுக்கள் உண்டாக்க வைட்டமின் டி தேவை என்பதை 2006-ல் ஆய்வாளர்கள் காட்டினர். வெயிலில் நம் தோல் உண்டாக்கும் சத்து அது. காசநோய்ச் சிகிச்சையுடன் வைட்டமின் டி சேர்த்துக் கொடுத்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. சளியில் கிருமி மறையும் காலம் அதனால் குறையவில்லை. ஆகவே காசநோய்க்கு மருத்துவர் தரும் மாத்திரைகளை இடைவிடாமல் முழுக் காலமும் உட்கொள்வதே வழி. பீங்கான் சூளைகளுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பத்தார் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மணல் கலந்த நுண்தூசி, நுரையீரலில் கிருமியை விழுங்கும் அணுக்களையே கெடுத்துக் காசநோய்க்கு இடம் கொடுக்கும். முகமூடி அணிவதும், தூசு பறக்காமல் தரையை ஈரமாக்கிக் கூட்டுவதும் அவசியம்.

கொலிஸ்டின் தரும் பாடம்

கொலிஸ்டின் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்ட பெப்டைடு. 1950 முதல் அறியப்பட்டது. மேலே கூறியவாறே பாக்டீரியாவின் சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கக் கூடியது. சிறுநீரகத்தைப் பாதித்ததால் மருத்துவர்கள் சில காலம் அதை ஒதுக்கி வைத்தனர். பிற மருந்துகளுக்குக் கிருமிகள் பழகி விட்ட பின், உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்குக் கடைசி மருந்தாக அது திரும்பவும் பயன்படத் தொடங்கியது.

இதற்கிடையே கோழியும் பன்றியும் விரைவில் எடை கூடுவதற்காகப் பல நாடுகளில் இதே மருந்தைத் தீவனத்தில் சிறிது சிறிதாகக் கலந்து வந்தனர். குறைந்த அளவு மருந்தில் வலுவற்ற கிருமிகள் மடியும்; வலுவானவை தப்பிப் பெருகும். 2015 நவம்பரில் சீன நாட்டு ஆய்வாளர்கள், பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கொலிஸ்டினுக்கு மடியாத பாக்டீரியாவைக் கண்டனர். அது தன் சவ்வின் எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துக் கொண்டிருந்தது. காந்தம் ஒட்டுவதற்கு இரும்பு இல்லாமல் போயிற்று. அதற்குரிய மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடியதாகவும் இருந்தது. பின்னர் பல நாடுகளில் இது காணப்பட்டது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனக் கலவைக்கும் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

சுவரையே தாக்கும் மருந்துக்கும் கிருமி பழகி விடும் என்பதை இது காட்டுகிறது. நாளை காவல் புரதங்களிலிருந்து வரும் மருந்துகளுக்கும் இதே நிலை வராமல் தடுப்பது, ஆய்வுக்கூடத்தை விடத் தொழுவத்திலும் கோழிப் பண்ணையிலும் நாம் நடந்து கொள்ளும் முறையைப் பொறுத்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழக் காத்திருக்கக் கூடாது.

2. கறவைக்கு முன்னும் பின்னும் மடியையும் காம்பையும் சுத்தம் செய்ய வேண்டும். காம்பில் எதையும் நுழைக்கக் கூடாது.

3. ஆண்டிபயாடிக் மருந்துகளைக் கால்நடை மருத்துவர் கூறிய அளவில், கூறிய நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். முன்பு மிஞ்சிய மருந்தையோ, அடுத்த வீட்டு மாட்டுக்குக் கொடுத்ததையோ பயன்படுத்தக் கூடாது.

4. சிகிச்சையிலிருக்கும் மாட்டின் பாலை, மருத்துவர் குறிப்பிட்ட நாட்கள் கழியும் வரை விற்கவோ குடிக்கவோ கூடாது. அத்தகைய பாலில் உறை ஊற்றினாலும் தயிர் சரியாகத் தோயாது.

5. கோழித் தீவனம் வாங்கும்போது சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். கொலிஸ்டின் இருந்தால் வாங்கக் கூடாது.

6. நிலக்கடலையை ஓடு உடையாமல் அறுவடை செய்து, நன்கு உலர்த்திச் சேமிக்க வேண்டும். விதைக்கு டிரைக்கோடெர்மா விதை நேர்த்தி செய்ய வேண்டும்.

7. தவளைத் தோல், தேனீக் கொடுக்கு போன்றவற்றைக் கை மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது. வயலில் தேவையற்ற பூச்சிமருந்தைக் குறைத்துத் தவளைகளை வாழ விட்டால் பூச்சிகளை அவை பிடித்துத் தின்னும்.

இயற்கை ஒவ்வோர் உயிருக்கும் கூலியின்றிக் கொடுத்துள்ள காவல் இது. சீம்பாலைக் காலத்தில் ஊட்டுவதாலும், மருந்தை அளவறிந்து கொடுப்பதாலும் இக்காவலுக்கு உழவர்கள் துணை நிற்கலாம். ஐயமிருப்பின் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, விருத்தாசலத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.